கதைக்குப் பாட்டா, பாட்டுக்குக் கதையா?

இசை நகைச்சுவைத் தொடர் எடுக்கிறவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, பாட்டு எங்கிருந்து வரப்போகிறது என்பதை. அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் வந்த, பள்ளிப் பாட்டுக்குழு ஒன்றின் கதையான ‘க்ளீ’ (2009–2015) பெரும்பாலும் ஊரறிந்த பாட்டுகளையே எடுத்துப் பாடியது. முதல் அத்தியாயம் முடிவதே ஜர்னி குழுவின் பழைய பாட்டில்தான். மெட்டு பார்ப்பவருக்கு முன்பே மனப்பாடம்; பாதி வேலை மிச்சம். ஆனால் வரிகள் வேறு யாரோ வேறு எதற்கோ எழுதியவை. வளைந்துகொடுக்க வேண்டியது கதாபாத்திரம்தான்.

எச்பிஓ என்ற அமெரிக்கச் சேனலின் ‘ஃப்ளைட் ஆஃப் த கான்கார்ட்ஸ்’ (2007–2009) நடுவழியில் போனது. ஜெமெய்ன் கிளமென்ட், பிரெட் மெக்கென்சி என்ற நியூசிலாந்து இணையிடம் மேடையில் பாடிப் பாடிப் பழுத்த சொந்தச் சரக்கு இருந்தது. முதல் சீசனில் அந்தப் பாட்டுகளைச் சுற்றித்தான் கதை கட்டினார்கள். விருந்தில் ஒருத்தியைப் பார்த்து ஜெமெய்ன் உருகுகிறார்: பகுதிநேர மாடலாகலாம் என்னும் அளவுக்கு அழகாம்! இரண்டாவது சீசனுக்குள் பழைய கையிருப்பு கரைந்துவிட்டது. கதையோடு பாட்டையும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. 22 அத்தியாயங்களோடு கடையைக் கட்டினார்கள்.

அந்தப் பாரத்தை முதல் நாளே தோளில் ஏற்றிக்கொண்டது, ரேச்சல் ப்ளூமும் அலின் ப்ராஷ் மெக்கென்னாவும் படைத்த ‘கிரேஸி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்’ (2015–2019). 62 அத்தியாயங்களில் 150க்கு மேல் புதுப் பாட்டுகள். ப்ளூம், ஆடம் ஷ்லெசிங்கர், ஜாக் டால்கன் மூவரும் எழுதித் தள்ளினார்கள். சில அவசரச் சமையல், உப்பில்லை. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

முதல் அத்தியாயத்தையே பாருங்கள். நாயகி ரெபேக்கா விருந்துக்கு அலங்கரித்துக்கொள்கிறாள். மெட்டு, ‘ஆர் அண்ட் பி’ எனும் அமெரிக்கக் கறுப்பின இசை பாணியில் மயக்குகிறது. காட்சியிலோ ரோமம் பிடுங்கும் மெழுகு, குளியலறைச் சுவரில் தெறித்த இரத்தம். தன் பங்கைப் பாட வரும் ராப் பாடகர் அங்கிருக்கும் கருவிகளைப் பார்த்து அரண்டுபோய், தனக்குத் தெரிந்த பெண்களிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிடுகிறார். பாட்டும் காட்சியும் ஒரே அடுப்பில் வெந்தால்தான் இந்தச் சிரிப்பு வரும். இரவல் பாட்டில் வராது.

இதற்கும் விட்டுக்கொடுத்தல் இருந்தது. ஷோடைம் என்ற கட்டணச் சேனலுக்காக அரைமணி நேரமாக எடுத்ததை, தி சிடபிள்யூ என்ற பொது ஒளிபரப்புச் சேனல் வாங்கியபின் ஒரு மணி நேரத் தொடராக நீட்டினார்கள். கெட்ட வார்த்தைகள் போயின. சில பாட்டுகளின் பச்சையான வடிவம் யூடியூபுக்குப் போனது.

‘க்ளீ’ மாணவர்கள் ஊரறிய மேடையேறிப் பாடினார்கள். ரெபேக்காவின் பாட்டுகளோ அவள் தலைக்குள்ளேயே ஓடியவை. கடைசி அத்தியாயத்தில்தான், தானே எழுதிய பாட்டைப் பிறர் முன் பாட பியானோ முன்னால் உட்காருகிறாள். தொடர் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டு நம் காதில் விழுவதேயில்லை.