லோடு செல்லுக்கு எந்த அடாப்டர்? மூன்று வழிகளை அருகருகே வைத்து ஓர் அலசல்

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் உள்ள ரப்பர் பட்டறைகளுக்குச் சோதனை மேசைகள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ரப்பர் புஷ்ஷை அழுத்திப் பார்ப்பது, டம்பெல் வடிவில் வெட்டிய துண்டை அறும்வரை இழுத்துப் பார்ப்பது, முறுக்கு விசையை அமைத்துத் திருகும் டார்க் ரெஞ்ச் குறித்த அளவில் 'கிளிக்' ஆகிறதா என்று சரிபார்ப்பது ஆகிய மூன்று வேலைகள்தாம் என்னிடம் பெரும்பாலும் வருகின்றன. சென்சரைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. எத்தனை நியூட்டன், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று தெரிந்துவிட்டால் அது முடிந்துவிடும். சென்சருக்கும் திரைக்கும் நடுவில் உட்காரும் அடாப்டரை வாங்கும்போதுதான் விலையை மட்டும் பார்த்தோ, பெட்டியில் அச்சிட்ட 'பிட்' எண்ணிக்கையை (அளவை எத்தனை நுண்ணிய படிகளாகப் பிரிக்கிறது என்பதை) மட்டும் பார்த்தோ முடிவெடுக்கிறார்கள். அளக்கப்போகும் விஷயம் எவ்வளவு வேகமாக நடந்து முடிகிறது, சென்சர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் எடுக்கும் முடிவு பாதிக்குப் பாதி தவறாகிவிடுவதை நான் பார்த்து வருகிறேன்.

முதலில் சென்சரிலிருந்து என்ன வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விசையை அளக்கும் லோடு செல் ஆனாலும் முறுக்கு விசையை அளக்கும் டார்க் சென்சர் ஆனாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் வீட்ஸ்டன் பாலமாக (நான்கு தடைகளைச் சதுரமாகக் கோத்த மின்சுற்றாக) இணைத்த ஸ்ட்ரெயின் கேஜ்கள்தாம், அதாவது இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய பட்டைகள். பாலத்தின் மின்தடை பொதுவாக 350 ஓம். உணர்திறன் பொதுவாக ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட். 10 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமையில் 20 மில்லிவோல்ட்டும், 5 வோல்ட் கொடுத்தால் 10 மில்லிவோல்ட்டும் கிடைக்கும். 5 வோல்ட் கணக்கில், முழு அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வெறும் 10 மைக்ரோவோல்ட். அவ்வளவு சிறிய மின்னழுத்தத்தைக் குலைக்காமல் எண்ணாக மாற்றுவதே அடாப்டரின் வேலை.

என் மேசையில் போட்டியிடும் வழிகள் மூன்று. ஒன்று, நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எச்.எக்ஸ்.711 சிப் பொருத்திய சிறு பலகை. அதை ஒரு மைக்ரோகண்ட்ரோலருடன் (நிரல் எழுதக்கூடிய சிறு கணினிச் சிப்புடன்) இணைத்து நிரலை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு, மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைப் பெருக்கி 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டமாக்கி, இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.க்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். மூன்று, கணினியில் நேரடியாகச் செருகிச் சொந்த மென்பொருளோடு வரும் யு.எஸ்.பி. அடாப்டர், மூன்றிலும் விலை கூடியது இதுதான். ஆர்.எஸ்.485 என்ற வகைக் கம்பி இணைப்பில் மோட்பஸ் என்ற தகவல் மொழியைப் பேசும் டிரான்ஸ்மிட்டர் நான்காவதாக உண்டு என்றாலும், ஒரே கம்பியில் பல சென்சர்களைத் தொடுக்க வேண்டிய இடத்துக்குத்தான் அது உரியது. அதற்கு மேல் இங்கே அதைப் பேச வேண்டியதில்லை.

வேகத்தை எடுத்துக்கொண்டால் மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. எச்.எக்ஸ்.711 வினாடிக்கு 10 அல்லது 80 அளவீடுகள் தரும். பலகையில் 'ரேட்' என்ற ஊசியின் இணைப்பைப் பொறுத்து இது மாறும். பலர் அறியாத இன்னொரு செய்தி, திடீர் மாற்றத்துக்குப் பின் அதன் எண் முழுமையாக நிலைகொள்ள 10 வேகத்தில் 400 மில்லிவினாடியும் 80 வேகத்தில் 50 மில்லிவினாடியும் ஆகும் என்பது. ரப்பர் துண்டை இழுக்கும் சோதனைக்கு இது போதுமா என்றால், 80 வேகத்தில் போதும் என்றே நான் சொல்வேன். ஐ.எஸ்.ஓ. 37 தரப்படி டம்பெல் துண்டு நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் இழுபடுகிறது. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 8.3 மில்லிமீட்டர். 80 அளவீடுகள் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே பிடி நகர்வது 0.1 மில்லிமீட்டர்தான். அறும் கணத்துக்கு முந்தைய உச்ச விசை ஒன்றிரண்டு அளவீடுகளுக்குள் பெரிதாக மாறிவிடாது. அதே பலகையை 10 வேகத்தில் விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் உச்சம் கொஞ்சம் குறைந்தே பதிவாகும். கடையில் வாங்கும் பலகைகள் பெரும்பாலும் 10 வேகத்தில்தான் வருகின்றன என்பதால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டார்க் ரெஞ்ச் கதை வேறு. 'கிளிக்' ஆகும் கணத்தில் முறுக்கு விசை சட்டென்று சரிகிறது. கை நிற்காமல் தொடர்ந்து அழுத்தினால் மறுபடி ஏறி முதல் உச்சத்தையும் தாண்டிவிடுகிறது. ரெஞ்சின் உண்மையான அளவு அந்த முதல் உச்சம்தான். சரிவு சில பத்து மில்லிவினாடிகளுக்குள் முடிந்துவிடுவதால், எச்.எக்ஸ்.711 அதைக் கண்ணால் பார்ப்பதேயில்லை; கை அழுத்திய இரண்டாவது உச்சத்தை ரெஞ்சின் கணக்கில் எழுதிவிடுகிறது. 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட கிளிக் ரெஞ்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6789 அனுமதிக்கும் பிழை 4 சதவீதம் என்பதை நினைத்தால், இந்தத் தவறு நல்ல ரெஞ்சைக் கெட்டது என்று ஒதுக்கிவிடப் போதுமானது. மின்னோட்ட டிரான்ஸ்மிட்டர் வேகமாக இயங்கக்கூடியதுதான். ஆனால் பி.எல்.சி. தன் நிரலை ஒரு சுற்றுச் சுற்றி வர 10, 20 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால் டிரான்ஸ்மிட்டரின் வேகத்தால் பயனில்லை. வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேல் அளவெடுத்து, முதல் உச்சத்தைப் பிடித்துவைக்கும் வசதியுடைய யு.எஸ்.பி. அடாப்டரைத்தான் இந்த வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: திரையில் எண் அசையாமல் நிற்க வேண்டும் என்று ஃபில்டரைக் கூட்டிவைத்தால், கொடுத்த பணத்துக்குக் கிடைத்த வேகத்தை நாமே வெட்டி எறிந்தவர்களாகிறோம்.

தூரம் என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. 0.22 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.08 ஓம். ரப்பரை அழுத்தும் பிரஸ்ஸிலிருந்து அலுவலக அறைக்கு 30 மீட்டர் இழுத்தால் போக வர 4.7 ஓம் சேர்ந்துவிடும். 350 ஓம் பாலத்தில் அது 1.3 சதவீத உணர்திறன் இழப்பு. கம்பியோடு சேர்த்து கால்பிரேஷன் (தெரிந்த சுமையை வைத்து அளவைச் சரிசெய்தல்) செய்தால் போயிற்று என்பார்கள். மாலை நேரக் குளிர்ச்சியில் செய்துவிட்டுச் சித்திரை மாத மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே அதே கம்பி 20 டிகிரி கூடுதலாகச் சுடும்போது, அந்த 4.7 ஓம் மட்டுமே 8 சதவீதம் போல மாறி, அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையை நுழைத்துவிடும். பாலத்துக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த மின்னழுத்தத்தைத் திரும்ப அறியும் ஆறு கம்பி இணைப்பு இதற்குத் தீர்வு. எச்.எக்ஸ்.711 பலகைகளில் அதற்கான முனைகள் இல்லை. அதைவிட எளிய தீர்வு, சென்சருக்குப் பக்கத்திலேயே டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தூரத்தை மின்னோட்டத்தின் தலையில் போட்டுவிடுவது. மின்னோட்டத்துக்குக் கம்பியின் மின்தடை ஒரு பொருட்டில்லை. சுமை இல்லாதபோதும் 4 மில்லியாம்பியர் ஓடிக்கொண்டிருப்பதால் கம்பி அறுந்தால் அளவு பூஜ்யத்துக்கு விழுந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆளில்லாமல் நாள் முழுக்க ஓடும் பிரஸ்ஸுக்கு இந்த ஒரு குணமே போதுமான காரணம்.

அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பி.எல்.சி.யில் மின்னோட்டத்தை எண்ணாக்கும் அனலாக் கார்டு 0 முதல் 20 மில்லியாம்பியரை 12 பிட்டில் (4,096 படிகளில்) அளந்தால் நமக்குப் பயன்படுவது 3,277 படிகள்தாம். 500 நியூட்டன் சென்சரில் ஒரு படி 0.15 நியூட்டன். வலமும் இடமும் சுற்றும் டார்க் சென்சராக இருந்து, 12 மில்லியாம்பியரைப் பூஜ்யமாக வைத்தால் துல்லியம் இன்னும் பாதியாகும். தவிர, அளவுகோலை டிரான்ஸ்மிட்டரில் ஒரு முறையும் பி.எல்.சி.யில் ஒரு முறையும் அமைக்க வேண்டியிருப்பதால், ஒன்றை மாற்றி மற்றதை மறக்கும் தவறு நடந்தே தீருகிறது.

திருமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில் யு.எஸ்.பி. அடாப்டரோடு நான் திண்டாடிய அனுபவத்தையும் இங்கே வைக்கிறேன். "அண்ணே, மோட்டாரை நிறுத்துனா கல்லு மாதிரி நிக்குது, ஓட விட்டா மூணு நாலு நியூட்டன் எகிறுது" என்று இயந்திரத்தை ஓட்டும் தம்பி போனில் சொன்னார். போய்ப் பார்த்தால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் கம்பிகளும் லோடு செல்லின் கம்பியும் ஒரே டிரேயில் ஒட்டிப் படுத்திருந்தன. சென்சர் கம்பியைச் சுற்றி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையான சீல்டு இயந்திரச் சட்டத்திலும் அடாப்டரிலும் என இருமுனையிலும் எர்த் ஆகியிருந்தது. இணைத்தது நான்தான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் எகிறல் பாதி குறைந்தது. எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகியிருப்பதற்கு அதுவே சாட்சி. சட்டத்துப் பக்கத்து சீல்டைக் கழற்றி, கம்பியைத் தனி வழியில் கொண்டுபோனதும் எண் நின்றது. டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

இணைக்கும் போதும் அமைக்கும் போதும் செய்யும் பிழைகள் எந்த அடாப்டருக்கும் பொது. சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்ற நிறங்களை நம்ப முடியாது, ஏனெனில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அவை மாறுகின்றன. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், மின்னழுத்தம் கொடுக்கும் இணையில் பெரும்பாலும் 380 முதல் 410 ஓம் வரையும், சிக்னல் இணையில் 350 ஓமும் காட்டும். வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்யும் தடைகள் முதல் இணையில் சேர்ந்திருப்பதே காரணம். சிக்னல் கம்பிகள் இடம் மாறினால் அழுத்தம் இழுப்பாகக் காட்டும், அவ்வளவுதான். இணைத்து முடித்ததும் பாலத்தின் ஒரு கைக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் தடையை வைத்தால் வோல்ட்டுக்கு 0.873 மில்லிவோல்ட் கிடைக்க வேண்டும்; 2 மில்லிவோல்ட் உணர்திறன் கொண்ட 500 நியூட்டன் சென்சரில் திரை 218 நியூட்டனைக் காட்டினால் வயரிங்கும் அமைப்பும் சரி. யு.எஸ்.பி. அடாப்டர்கள் பலவற்றில் இந்தச் சோதனை உள்ளேயே இருக்கிறது, எச்.எக்ஸ்.711 பலகையில் தடையை நாம்தான் பிடிக்க வேண்டும்.

எடைக்கல் தொங்கவிட்டுக் கால்பிரேஷன் செய்பவர்களுக்கு ஒரு சொல். பாடப்புத்தகத்தின் 9.80665 என்ற எண் மதுரைக்குப் பொருந்தாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் ஊரில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78. எனவே 10 கிலோ கல் இங்கே தருவது 98.07 நியூட்டன் அல்ல, 97.8 நியூட்டன். வித்தியாசம் கால் சதவீதம். ஆய்வகச் சான்றிதழிலுள்ள உணர்திறன் எண்ணை நேரடியாக யு.எஸ்.பி. மென்பொருளில் தட்டச்சு செய்பவருக்கு இந்தச் சிக்கல் எழாது. எச்.எக்ஸ்.711 நிரலில் கல்லை வைத்துத் தன் எண்ணைத் தானே கண்டுபிடிப்பவர்தான் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அரை மீட்டர் கைப்பிடியில் அதே கல்லைத் தொங்கவிட்டு டார்க் சென்சரைச் சரிபார்ப்பவரும் 49.03 அல்ல, 48.9 நியூட்டன் மீட்டரை எதிர்பார்க்க வேண்டும்.

ஆகவே புஷ் தயாரிக்கும் நண்பர் சென்ற மாதம் கேட்டபோது, பிரஸ்ஸுக்கு டிரான்ஸ்மிட்டரும், டார்க் ரெஞ்ச் மேசைக்கு யு.எஸ்.பி. அடாப்டரும், இழுவைச் சோதனைக்கு 80 வேகத்தில் அமைத்த எச்.எக்ஸ்.711 பலகையும் என்று பிரித்தே கொடுத்தேன். மூன்று பெட்டிகளின் மூடிக்கு உள்பக்கமும் சென்சரின் வரிசை எண், அதன் மில்லிவோல்ட் உணர்திறன், 100 கிலோ ஓம் தடைக்குக் காட்ட வேண்டிய எண் ஆகியவற்றை எழுதி ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அந்தத் தடையைத் தொட்டுப் பார்த்துத் தேதியோடு குறிக்க அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.