லூகர் கிரிப் ஆடுகிறதா? எபாக்ஸி ஊற்றுபவரிடம் கொடுத்துவிடாதீர்கள்

என்னிடம் உள்ள பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியான லூகர் பி08-இன் இடது கிரிப் (கைப்பிடியின் பக்கவாட்டு மரப் பலகை) லேசாக ஆடியது. கட்டைவிரலால் அழுத்தினால் மயிரிழை நகரும், அவ்வளவுதான். பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் என்று கேள்விப்பட்டு ஒருவரிடம் கொடுத்தேன். "பத்து நிமிஷ வேலை சார்" என்றார். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

திரும்ப வாங்கியபோது கிரிப் கல் மாதிரி நின்றது. எனக்கும் சந்தோஷம்தான். சில மாதம் கழித்து, உள்ளே துரு பிடிக்கிறதா என்று பார்க்கத் திருகைக் கழற்றினேன். திருகு வந்துவிட்டது, கிரிப் வரவில்லை! உள்பக்கம் முழுக்க எபாக்ஸி, கல்லாக இறுகும் பசை. இரும்பில் ஒட்டாமலிருக்க அதன் மேல் மெழுகுகூடத் தடவாமல் ஊற்றியிருக்கிறார். மெதுவாகத்தான் நெம்பினேன், ஆனாலும் சேஃப்டி லீவரை (தவறிச் சுடாமல் பூட்டும் நெம்புகோல்) ஒட்டிய மெல்லிய முனை பட்டென்று தெறித்தது. லூகரில் முதலில் உடைகிற இடமே அதுதான்.

அதைவிட வயிற்றெரிச்சல் வேறு. என் கிரிப்பின் உள்பக்கத்தில் துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அடித்திருந்தன. கிரிப் அந்தத் துப்பாக்கிக்கே உரியதா என்று சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று உப்புத்தாளால் அதையும் தேய்த்திருக்கிறார். கேட்டால், "உள்ளே இருக்கிறதை யார் சார் பார்க்கப்போறாங்க?" என்கிறார்.

இத்தனைக்கும் கோளாறு சின்னது. மரம் வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கியதால் வந்த இடைவெளி. அப்படியே விட்டுச் சுட்டால் ஒவ்வொரு அதிர்வும் திருகுத் துளையில் விழுந்து மரம் வெடிக்கும். அதற்காகத் திருகை முறுக்கிக்கொண்டே போனாலும் வெடிக்கும். இடைவெளி உள்ள இடத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, திருகுத் தலையின் பிளவில் கச்சிதமாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவரால் அளவாக முடுக்கினால் போதும். வேண்டாமென்றால் நாளைக்கே எடுத்துவிடலாம். துப்பாக்கிக்கு எண்ணெயைக் கொஞ்சமாகப் போடுங்கள். வழிந்து மரத்தில் ஊறினால் மரம் கறுத்து மெத்துப்போகும். எதைச் செய்வதற்கு முன்னும் தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வெளியே கொடுத்தே ஆக வேண்டுமென்றால் உள்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் படம் இல்லாததால், எண் ஏற்கெனவே அழிந்திருந்தது என்று அவர் சாதித்துவிட்டார். சரி, அப்புறம் என்ன செய்வது? தெறித்த சில்லைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். லூகர் இப்போது ஒற்றைக் கிரிப்போடு கிடக்கிறது.