கிளிநொச்சியில் மூக்குக் குத்திய கடை: ஊசி நன்று, அறிவுரை பிழை

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமுள்ள நகைக்கடையொன்றில் சென்ற மாதம் என் மகளுக்கு மூக்குக் குத்தினோம். துப்பாக்கி போன்ற கருவியைத் தவிர்த்து, புதுக் கையுறை அணிந்து, ஊசியின் உறையை எங்கள் கண்முன்னேயே பிரித்துக் குத்தியது பாராட்டத்தக்கது. பராமரிப்புப் பற்றிய அறிவுரைதான் ஏமாற்றமளித்தது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுமாறும், மூக்குத்தியை அடிக்கடி திருகிவிடுமாறும் கூறினார்கள். மூன்றாம் நாள் எண்ணெயும் வீதிப் புழுதியும் கலந்து, துளையைச் சுற்றி மஞ்சள் நிறப் பொருக்காக இறுகியிருந்தது. பின்னர், சவர்க்காரமிட்டுக் கைகழுவி, பாமசியில் வாங்கிய 0.9 சதவீத உப்புக் கரைசலில் நனைத்த கோஸ் துணியைச் சில நிமிடங்கள் ஒற்றி வைத்ததும், பொருக்கு இழுக்காமலே கழன்று வந்தது. அதன்பின் காலையும் மாலையும் அவ்வளவே; ஸ்பிரிட் இல்லை, திருகுவதும் இல்லை. காதுச் சோணை ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறினாலும், மூக்குக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் செல்லலாம் என்பதையும், அதுவரை குளத்தில் முழுகக்கூடாது என்பதையும் கடையில் எவரும் சொல்லவில்லை. (இரணைமடுக் குளத்தை மகள் இன்னும் ஏக்கத்தோடுதான் பார்க்கிறாள்.) குத்துவதற்கு அக்கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், உப்புக் கரைசலை மட்டும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், அங்கே அது விற்பனைக்கில்லை.