மூத்தவளாகப் பிறந்த சோஃபி: ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ நாவலை முன்வைத்து

தேவதைக் கதைகளில் மூன்று பிள்ளைகள் இருந்தால் யோகம் கடைக்குட்டிக்குத்தான். மூத்தது முதலில் புறப்பட்டு முதலில் தோற்கும், நடுப்பிள்ளை அதே வழியில் போய் அதே குழியில் விழும். டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் வெளியிட்ட ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ என்னும் இளையோர் நாவல், இந்த வழக்கத்தை இங்காரி என்ற கற்பனை நாட்டில் எல்லோரும் அறிந்த நடைமுறை உண்மையாகவே ஆக்கிவிடுகிறது. ஓர் எட்டில் ஏழு காதம் கடக்கும் காலணியும் மாயப் போர்வையும் நிஜமாகவே இருக்கும் அந்த நாட்டில், தொப்பிக் கடைக்காரரின் மூன்று மகள்களில் மூத்தவளான சோஃபி, தன் வாழ்க்கையில் உருப்படியாக எதுவும் நடக்கப்போவதில்லை என்று மிக இயல்பாக முடிவு கட்டிவிடுகிறாள்.

அந்த முடிவை யாரும் அவள்மேல் திணிக்கவில்லை. கதைகளில் வரும் சிற்றன்னைகளைப் போலன்றி, இவளுடைய சிற்றன்னை ஃபானி நல்லவள். தந்தை இறந்தபின் கடன்களைச் சமாளிக்க வேண்டியிருப்பதால், தங்கைகள் இருவரையும் வெளியே தொழில் பழக அனுப்பிவிட்டு, சோஃபியைக் கடையிலேயே வைத்துக்கொள்கிறாள். பேச ஆளில்லாத சோஃபி, தைத்து முடிக்கும் தொப்பிகளோடு பேசத் தொடங்குகிறாள். இன்ன தொப்பியை அணிபவருக்கு இன்னது நடக்கும் என்று அவள் சொல்லி வைக்க, வாங்கிப் போனவர்களுக்கு அதுவே நடக்கிறது. அவள் சொல்லுக்கு உயிர் கொடுக்கும் ஆற்றல் உண்டு என்பது வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. நாவலின் பெரும்பகுதிவரை புரியாமல் இருப்பவள் அவள் ஒருத்திதான். எழுதியவர் இதை எங்கும் விளக்கிச் சொல்லாமல், நாமே கண்டுபிடித்துக்கொள்ளும்படி விட்டிருப்பது தேர்ந்த கைவேலை.

பாழ்நிலச் சூனியக்காரி ஒருநாள் கடைக்கு வந்து, சோஃபியைத் தொண்டு கிழவியாக மாற்றிவிட்டுப் போகிறாள். அந்தச் சாபத்தைப் பற்றி வாய்திறக்க முடியாதபடியும் செய்துவிடுகிறாள். இந்த இடத்தில்தான் நாவல் தன் உண்மையான கவர்ச்சியைக் காட்டுகிறது. இளம்பெண் நாயகியாக இருக்கும் கதையில், அவளுடைய இளமையை ஆரம்பத்திலேயே பறித்துக்கொண்டு, கிட்டத்தட்ட முழுக் கதையையும் மூட்டுவலியும் மூச்சிரைப்பும் கொண்ட ஒரு பாட்டியை வைத்து நடத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். அதைவிட வியப்பு, சாபம் அவளை ஒடுக்குவதற்குப் பதிலாகத் திறந்துவிடுகிறது என்பது. தெருவில் ஓர் இளைஞன் பேச்சுக் கொடுத்தாலே ஒடுங்கிப்போன அந்தப் பெண், கிழவியானதும் யாரையும் அதட்டுகிறாள், அழையா வீட்டில் நுழைந்து அடுப்பங்கரை நாற்காலியில் உட்காருகிறாள், இளம்பெண்களின் இதயங்களைத் தின்பவன் என்று ஊரே அஞ்சும் மந்திரவாதி ஹௌலின் நடமாடும் கோட்டைக்குள் போய், தன்னைத் தானே வேலைக்காரியாக நியமித்துக்கொண்டு ஒட்டடை அடிக்கத் தொடங்குகிறாள். இந்த வயதில் இனி என்ன பயம் என்னும் அலட்சியம், பதினெட்டு வயதில் அவளுக்குக் கிடைக்காத உரிமையைக் கொடுத்துவிடுகிறது. தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் தாழ்வான கணிப்பு எந்தச் சூனியத்தையும்விட உறுதியான கட்டு என்பதைப் போதனையின் சாயலே இல்லாமல் இந்நாவல் சொல்கிறது. பதின்பருவ வாசகரை இது ஏன் இவ்வளவு நெருங்கிச் சேர்கிறது என்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கோட்டையின் அமைப்பும் ஓர் இன்பம். வெளியே கரும்புகை கக்கியபடி புல்வெளிகளில் அலையும் அது, உள்ளே ஒரு சாதாரணமான, அழுக்கடைந்த சிறு வீடு. வாசற்கதவின் குமிழைத் திருப்பினால் குமிழில் எந்த நிறம் கீழே வருகிறதோ அதற்கேற்ற இடத்தில் கதவு திறக்கும். அடுப்பில் எரிவது கால்சிஃபர் என்னும் நெருப்புப் பிசாசு. ஹௌலோடு தனக்குள்ள ஒப்பந்தத்தை முறித்துக் கொடுத்தால் சோஃபியின் சாபத்தை நீக்குவதாக அது பேரம் பேசுகிறது. ஆனால் ஒப்பந்தம் என்னவென்று சொல்ல அதற்கும் வாய்க்கட்டு. தன் கட்டைச் சொல்ல முடியாத இருவர் ஒருவர் கட்டை மற்றவர் அவிழ்க்க முயலும் இந்த ஏற்பாட்டில்தான் மர்மக் கதையின் விறுவிறுப்பு முழுவதும் இருக்கிறது.

ஹௌல் அழகன், தற்பெருமைக்காரன், கோழை. குளியலறையில் மணிக்கணக்காக அலங்கரித்துக்கொள்வான். தலைமுடிச் சாயம் தவறிவிட்டதற்காக வீடெங்கும் பச்சைக் கூழ் வழியும்படி ஆர்ப்பாட்டம் செய்வான். அரசர் தரவிருக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க, சோஃபியைத் தன் தாயாக நடிக்க வைத்து, தன்னைப் பற்றி இழிவாகச் சொல்லிவிட்டு வரும்படி அரண்மனைக்கு அனுப்புவான். அந்த அத்தியாயம் நாவலின் நகைச்சுவைக்கு உச்சம். இத்தனை குறைகளும் உள்ள ஒருவனை ஆசிரியர் திருத்திப் புனிதனாக்குவதில்லை என்பதால், அவனுக்கும் சோஃபிக்கும் இடையே வளரும் பிரியம் சண்டைகளின் வழியாகவே நம்பும்படி வருகிறது.

ஜோன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது பெரும்போர்கள் நிறைந்த கற்பனை உலகக் கதைகளை எழுதிய டோல்கீன், சி. எஸ். லூயிஸ் இருவரின் விரிவுரைகளையும் கேட்டவர். ஆனாலும் உலகத்தைக் காக்கும் பெரும்போர் எதுவும் இந்த நாவலின் மையத்தில் இல்லை. இங்கே மந்திரம் தையல், துடைப்பம், அடுப்பு என்று வீட்டுக்குள்ளேயே புழங்குகிறது. கதவின் கறுப்பு நிறம் எங்கே திறக்கிறது என்பதை நான் சொல்லக்கூடாது. ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதை ஒன்று சாபமாக மாறி, அதன் வரிகள் ஒவ்வொன்றாகப் பலிக்கத் தொடங்குவது அதோடு சேர்ந்தது என்பதை மட்டும் குறிப்பிடலாம்.

குறையும் உண்டு. கடைசி இரண்டு மூன்று அத்தியாயங்களில் முடிச்சுகள் அத்தனையும் ஒரே மூச்சில் அவிழ்கின்றன. யார் யாராக உருமாறியிருந்தார் என்பதைப் பிடிக்க, பின்னோக்கிப் புரட்ட வேண்டியிருக்கிறது. முன்பே போட்டு வைத்த குறிப்புகள் சரியாகவே பொருந்துகின்றன என்றாலும், சோஃபிக்கும் வாசகருக்கும் அந்த வெளிச்சத்தில் சற்று நிற்க இடம் கொடுத்திருக்கலாம். துணைப் பாத்திரங்களில் தங்கை மார்த்தா தொடக்கத்தில் காட்டும் துடிப்புக்கு ஏற்ற இடம் பின்னால் கிடைக்கவில்லை.

இந்நாவலைத் தழுவி ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004-இல் எடுத்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அதே கதையை எதிர்பார்க்கக்கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். படத்தில் போர் முன்னுக்கு வருகிறது, ஹௌல் சோகமான வீரனாகிறான். நூலிலோ சோஃபியின் முணுமுணுப்பும் பிடிவாதமுமே முன்னால் நிற்கின்றன, அவளுடைய தங்கைகளுக்கும் கூடுதல் பங்கு இருக்கிறது. இதே உலகில் நடக்கும் ‘காஸில் இன் தி ஏர்’ 1990-இலும், ‘ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்’ 2008-இலும் வெளிவந்தன. இரண்டிலும் நாயகர்கள் வேறு. சோஃபியும் ஹௌலும் ஓரத்தில்தான் வருகிறார்கள் என்பதால், அவர்களுக்காகவே வாசிக்க நினைப்பவர்களுக்கு முதல் நூல் ஒன்றே போதும்.