வாரம் மூன்று மாக்கா, ஒரு மாக்கும் ஒரு நோட்டுமா?

எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கும் சித்தி மகன் போன வாரம் போன் செய்தான். மாக் என்றால் நிஜத் தேர்வைப் போலவே எழுதிப் பார்க்கும் மாதிரித் தேர்வு. "அண்ணா, பதினோரு மாக் எழுதிட்டேன். மார்க் அதே இடத்துலயே நிக்குது. இனிமே வாரத்துக்கு மூணா ஏத்திடலாமா?"

இதே கேள்வியை 2022-இல் நானே என்னிடம் கேட்டு, "ஏத்திடு" என்று நானே பதிலும் சொல்லி, ஒரு வருடத்தைத் தொலைத்தவன். அடுத்த வருடம் வேறு வழியில் போனேன். அதனால் இந்த அலசல் நடுநிலையானது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேசப்போவது ஐஐஎம் எனும் மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் தேர்வைப் பற்றி. தமிழில் எழுதினால் இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட்டும் இதே எழுத்துதான். எங்கள் வீட்டில் அம்மா கடைசிவரை நான் எம்.டெக்குக்குப் படிப்பதாகவே அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வின் அமைப்பு தெரிந்ததுதான். 2 மணி நேரம், 3 பிரிவு, பிரிவுக்கு 40 நிமிடம். ஒரு பிரிவில் இருந்துகொண்டு இன்னொன்றுக்குத் தாவ முடியாது. சரியான விடைக்கு 3 மார்க், ஆப்ஷன் கேள்வியில் தவறினால் 1 மார்க் போய்விடும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் கிடையாது. 2024-இல் 68 கேள்வி, 204 மார்க். சமீப ஆண்டுகளில் மொத்த மார்க்கில் பாதிகூட எடுக்காதவர்களுக்கு 99 பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரைவிட மேலான இடம், கிடைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நான் ஒழுங்காக உள்வாங்கவே ஒரு வருடம் ஆயிற்று.

முதல் வழி, எண்ணிக்கை வழி. நிறைய மாக் எழுது, எழுத எழுதக் கை பழகும், மார்க் தானாக ஏறும். 2022-இல் நான் எழுதியவை 38. சோழிங்கநல்லூரில் வேலை. இரவு ஒன்பது மணிக்கு அறைக்கு வந்து, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, ஒன்பதரைக்கு மாக்கைத் திறப்பேன். பதினொன்றரைக்கு முடியும். மார்க்கைப் பார்ப்பேன், பெர்சன்டைலைப் பார்ப்பேன், தவறிய கேள்விகளில் இரண்டு மூன்றுக்கு விளக்க வீடியோ பார்த்து "அட, இவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டுத் தூங்குவேன். அந்த வருட மொத்த மார்க்கான 198-க்கு 38, 47, 35, 44, 46, 39. ஜூலையிலும் இப்படித்தான், அக்டோபரிலும் இப்படித்தான். நவம்பர் 27-ஆம் தேதி எழுதிய நிஜத் தேர்வில் 86 பெர்சன்டைல்.

இரண்டாவதுதான் நோட்டு வழி. 2023-இல் எழுதிய மாக் 17 மட்டுமே. ஞாயிறுக்கு ஞாயிறு ஒன்று, செப்டம்பர் பாதியில் இருந்து சில வாரம் இரண்டு. ஆனால் ஒவ்வொரு மாக்கின் பின்னாலும் நான்கைந்து மணி நேரம் போகும், ஒரே மூச்சில் அல்ல, ஞாயிறு மாலையும் அடுத்த இரண்டு இரவுகளுமாக. நவம்பரில் மாக் மார்க் அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. தேர்வில் 97-ஐத் தாண்டியது. அதற்கப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க், வேலை அனுபவம் என்று வேறு கணக்குகள் இருக்கின்றன. அது இங்கே வேண்டாம்.

இரண்டு வழிக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். டைம் நிறுவனத்தின் ஏய்ம்கேட், ஐஎம்எஸ்ஸின் சிம்கேட் மாதிரி ஏதாவது ஒரு மாக் தொடரை வாங்கித்தான் ஆகவேண்டும். நேரமும் பெரிய வித்தியாசமில்லை. வாரம் மூன்று மாக் எழுதினால் 6 மணி நேரம். ஒரு மாக்கும் அலசலும் சேர்ந்தாலும் 6, 7 மணி நேரம்தான். வித்தியாசம் அந்த மணி நேரங்கள் எங்கே போகின்றன என்பதில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோட்டு என்றால் அறுபது ரூபாய் நீள நோட்டு. நான்கு பத்தி: கேள்வி எண், எடுத்த நேரம், என்ன ஆனது, ஏன். கடைசிப் பத்தியில் ஓரெழுத்துக் குறிதான். 'தெ' என்றால் தெரியாது. 'ப' என்றால் கேள்வியை ஒழுங்காகப் படிக்கவில்லை. 'க' கணக்குப் பிழை. 'வி' என்றால் அதை விட்டிருக்க வேண்டும். 'தொ' என்றால் தொடாமல் விட்டது, தொட்டிருக்க வேண்டும். முதல் நான்கு மாக் முடிந்ததும் கணக்குப் பிரிவான குவான்ட்டில் தவறியவற்றை எண்ணிப் பார்த்தேன். 31. அதில் 'தெ' எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 9. மிச்சத்தில் 'ப' 8, 'க' 8, 'வி' 6. அதாவது, எனக்குக் கணக்கு வராது என்று முந்தைய வருடம் முழுக்க நம்பி, மறுபடி மறுபடி ஃபார்முலா படித்துக்கொண்டிருந்தேனே, அந்த நோய் எனக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு உதாரணம். x, y, z மூன்றின் கூட்டுத்தொகை 10, எத்தனை விடைகள் என்று ஒரு வகைக் கேள்வி அடிக்கடி வரும். மிகை முழு எண்கள் மட்டும் என்றால் 36. பூஜ்யமும் சேரலாம் என்றால் 66. இரண்டும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் ஒரு மாக்கில் 36 வரவேண்டிய இடத்தில் 66 போட்டிருந்தேன். அப்புறம் இன்னொன்றில் எண்கள் வேறு, தவறு அதே. மூன்றாவது முறையும் அதே. நோட்டு இல்லாவிட்டால் இவை மூன்று தனித்தனி மாக்கில் நடந்த மூன்று தனித்தனி 'சின்னத் தப்பு'. ஒரே பக்கத்தில் வரிசையாக மூன்று 'ப'வைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதற்கப்புறம் குவான்ட் கேள்வியைப் படித்ததும், எதைக் கேட்கிறார்கள் என்பதை ரஃப் தாளில் இரண்டு சொல்லில் எழுதிவிட்டுத்தான் கணக்கில் இறங்குவேன். ஐந்து விநாடி வேலை. 'ப' எட்டிலிருந்து ஒன்று, இரண்டாகக் குறைந்தது.

இன்னொரு விதி: விளக்கத்தைத் திறப்பதற்கு முன், தவறியதையும் விட்டதையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டுப் பார்ப்பது. இதுதான் மொத்த வேலையில் கசப்பானது, பலரும் நழுவுவதும் இங்கேதான். வீடியோவில் ஒருவர் போடும்போது தலையாட்டுவது சுகம். ஆனால் அது அவர் போட்ட கணக்கு. மறுபடி உட்கார்ந்தபோது கிட்டத்தட்ட பாதி எனக்கே வந்தது. வராதவற்றுக்கு மட்டும் விளக்கம் பார்த்து, இரண்டு வாரம் கழித்து நோட்டில் குறித்த தேதிக்கு இன்னொரு முறை போடுவேன்.

அட்டவணைகளும் தர்க்கப் புதிர்களும் வரும் டிஐஎல்ஆர் பிரிவில் விஷயம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஒரு மாக்கில் நான்கு செட், அதாவது ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்வித் தொகுப்புகள். முதலாவது பேட்மின்டன் போட்டி பற்றியது. படிக்க ஆசையாக இருந்தது, இறங்கினேன். பாதி அட்டவணை நிரம்பியது, அப்புறம் நகரவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, விடுவதா என்று தொங்கிக்கொண்டிருந்தேன். ரிசல்ட் பக்கத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் எடுத்த நேரம் வரும். கூட்டிப் பார்த்தேன், 17 நிமிடம், மார்க் பூஜ்யம். நான்காவது செட்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான்கு கடை, ஆறு நாள் விற்பனை. மறுநாள் இரவு அறையில் உட்கார்ந்து போட்டபோது 9 நிமிடத்தில் முடிந்தது. பாடத்தில் ஓட்டை இல்லை, தேர்வு செய்ததில்தான். அன்று முதல் பேனாவைத் தொடாமல் முதல் நான்கு நிமிடம் எல்லா செட்டையும் புரட்டிவிடுவேன். ஒன்றில் இறங்கி ஆறு நிமிடம் ஆகியும் உறுதியாக எதுவும் நிரம்பவில்லை என்றால் எழுந்து வந்துவிடுவேன். இந்த ஆறு நிமிடக் கணக்கு எனக்குச் சரிப்பட்டது. உங்களுக்கு ஏழாக இருக்கலாம்.

எண்ணிக்கை வழியில் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஆப்ஷன் கேள்விகளாகவே 16 தொட்டு 8 சரி, 8 தவறு என்றால் 24-இல் 8 போக 16. 11 தொட்டு 9 சரி, 2 தவறு என்றால் 25. ஐந்து கேள்வி குறைவாகத் தொட்டு ஒன்பது மார்க் அதிகம். நேற்றைய மார்க்கைவிட இன்று கூட வரவேண்டும் என்ற பதற்றத்தில் எழுதுகிறவன் கேள்விகளைக் கூடுதலாகத்தான் தொடுவான். நான் தொட்டேன்.

மொழிப் பிரிவுக்கு வந்தால் என் பேச்சு கொஞ்சம் தணிந்துவிடும். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன் நான். பத்திகளைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகளுக்கும் நோட்டு போட்டேன். எந்த ஆப்ஷன் பத்தியில் சொன்னதைத் தாண்டிப் பேசுகிறது, எதில் 'எப்போதும்', 'மட்டுமே' என்று ஒரு சொல் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் எழுதினேன். கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் அங்கே ஏறிய மார்க் நோட்டால் ஏறியதா, ஏழெட்டு மாதம் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலக் கட்டுரை படித்ததால் ஏறியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது என்றுதான் சந்தேகம்.

எண்ணிக்கை வழியை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். என்னுடன் அறையில் இருந்த நண்பன் அந்த வருடம் ஐம்பதுக்கு மேல் எழுதினான், என்னைவிட நல்ல பெர்சன்டைல். அடிப்படை வலுவாக உள்ளவர்களுக்கு விதவிதமான செட்டுகளைப் பார்ப்பதே பயிற்சி. அப்புறம், இரண்டு மணி நேரம் எழாமல் உட்காரும் பழக்கம் நோட்டில் வராது, எழுதித்தான் வரும். தேர்வு காலை எட்டரை, பகல் பன்னிரண்டரை, மாலை நாலரை என்று மூன்று ஸ்லாட்டில் நடக்கும். ஹால் டிக்கெட் வந்ததும் கடைசி இரண்டு மூன்று வாரம் நம் ஸ்லாட் நேரத்திலேயே எழுதிப் பழகுவது நல்லது. எனக்கு மாலை ஸ்லாட். காலையில் மாக் எழுதியே பழகியிருந்த உடம்புக்கு நாலரை மணிக்குக் கொட்டாவி வந்தது. அந்தக் கடைசி வாரங்களில் மட்டும் வாரம் இரண்டு, மூன்று எழுதுவது தப்பில்லை.

பழைய நிஜத் தாள்கள் போதுமே, எதற்கு மாக் என்பவர்களும் உண்டு. தரத்தில் அவற்றை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2015 முதல் 2019 வரை 3 மணி நேரம், 100 கேள்வி. இப்போதைய அமைப்புக்கு அவற்றைக் கேள்வி வங்கியாகத்தான் பயன்படுத்த முடியும். 2020 முதல் வந்தவற்றை அவசரப்பட்டு ஜூலையிலேயே தின்று தீர்க்காமல் அக்டோபருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தி மகன் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் தோண்டிக் கேட்டபோது, பதினோரு மாக்கும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்றான். ஒன்றின் கடினம் இன்னொன்றில் இருக்காது, எழுதுகிற கூட்டமும் வேறு. மூன்றின் மார்க்கையும் ஒரே கோட்டில் வைத்து 'ஏறவில்லை' என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. எத்தனை தொட்டாய், அதில் எத்தனை சரி என்பதைப் பார் என்றேன்.

"அப்போ இந்த ஞாயித்துக்கிழமை மாக் வேண்டாமாண்ணா?"

"வேண்டாம். எழுதின பதினொண்ணுல கடைசி நாலை எடு. ஒரு நோட்டு வாங்கு."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. புது மாக் எழுதுவது எவ்வளவு கிளர்ச்சியான வேலை, பழையதைக் கிளறுவது எவ்வளவு சலிப்பான வேலை என்று எனக்கும் தெரியும்.

நேற்று நோட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். எட்டு வரி. ஐந்தில் 'ப'. கீழே ஒரு செய்தியும் இருந்தது: "அப்பா கண்ணாடி போட்டுக்கச் சொல்றாருண்ணா."