தக்கலையா, திருவனந்தபுரமா? குமரிக்காரர்களுக்கு ஒரு மியூசிய அலசல்

மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வடக்கே பஸ் ஏறினால் திருவனந்தபுரம் மியூசியம். தெற்கே ஏறினால் தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனை. கைவசம் ஒரு விடுமுறை நாள்தான், பிள்ளைகளையோ வெளியூர் விருந்தாளிகளையோ எங்கே கூட்டிப்போவது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் திருவனந்தபுரத்தைத்தான் சொல்வார்கள். நான் தக்கலையை முதலில் சொல்வேன். எல்லா விஷயத்திலும் தக்கலை ஜெயித்துவிடாது, அதையும் சேர்த்தே பார்ப்போம்.

இயற்கை வரலாற்றில் போட்டியே கிடையாது, திருவனந்தபுரம்தான். மிருகக்காட்சி சாலை, இயற்கை வரலாற்று மியூசியம், நேப்பியர் மியூசியம், ஓவியக்கூடம் நான்கும் ஒரே வளாகத்தில் மர நிழலில் இருக்கின்றன. மிருகக்காட்சி சாலை 1857-ல் தொடங்கியது. மன்னர் காலத்து வேடிக்கையாக மட்டும் அது நின்றுவிடவில்லை. மியூசியப் பொறுப்பில் இருந்த ஹரால்ட் ஃபெர்குசன் திருவிதாங்கூரின் தவளை, பாம்பு, பறவைகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர். 1892-ல் ஒரு தேரை இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் உயிருள்ள மிருகங்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் எலும்புக்கூடுகளும் பாடம் செய்த பறவைகளும் இருக்கும் மியூசியத்துக்குள் நுழையுங்கள். சற்று முன்பு நடமாடிக்கொண்டிருந்த உடம்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேள்வி தானாக வரும். தலைகீழாகப் போனால் கண்ணாடிப் பெட்டிகளை ஓடிக்கொண்டே கடந்துவிடுவார்கள்.

ஓவியத்திலும் திருவனந்தபுரம்தான் முன்னால் நிற்கிறது. ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம் 1935-ல் திறந்தது. ரவிவர்மா, ஜாமினி ராய், ரோரிக் என்று பெரிய பெயர்கள், கூடவே தஞ்சாவூர் ஓவியங்கள். ரவிவர்மா படங்களுக்கு இப்போது அதே வளாகத்தில் தனிக் கட்டடமே இருக்கிறது. காலில் முள் குத்தியதுபோல் பாவனை செய்து திரும்பிப் பார்க்கும் சகுந்தலையை நம் வீட்டுக் காலண்டரில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த மூல ஓவியத்தின் முன்னால் நிற்பது வேறு அனுபவம். எண்ணெய்ச் சாயம் துணியின் மடிப்புகளை எப்படி எழுப்பிக்காட்டுகிறது என்பது அச்சில் ஒருபோதும் வராது. இந்த ஓவியருக்குப் பின்னால் நம் ஆட்களும் இருக்கிறார்கள். அரசவை ஓவியர் ராமசாமி நாயுடு எண்ணெய்ச் சாய நுணுக்கத்தை இளம் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர மறுத்தபோது, அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார் என்பது ரவிவர்மாவின் வரலாற்றில் சொல்லப்படுகிற செய்தி. பத்மநாபபுரத்திலும் அருமையான சுவரோவியங்கள் உண்டு. ஆனால் அவை உப்பரிகை மாளிகையின் உச்சி மாடியில் இருக்கின்றன, பொதுவாக அதுவரை யாரையும் விடுவதில்லை.

சரி, பிறகு ஏன் தக்கலை?

நேப்பியர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகளும் தந்தச் சிற்பங்களும் கோயில் தேரும் பார்க்கக் கண் கூசும் அளவுக்கு அழகு. ஆனால் ஒவ்வொன்றும் தான் இருந்த இடத்தை விட்டு வந்து கூண்டுக்குள் நிற்கிறது. பத்மநாபபுரத்தில் கட்டடமே காட்சிப்பொருள், நாம் அதற்குள்ளேயே நடக்கிறோம். 1601 வாக்கில் இரவி வர்ம குலசேகரப் பெருமாள் எழுப்பத் தொடங்கி, மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிந்து, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம். 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. அதை அவர்கள் நன்றாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் மனம் திறந்து சொல்ல வேண்டும்.

அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் நுழைந்ததும் தலையை நிமிர்த்துங்கள். கூரையெங்கும் மரத்தில் செதுக்கிய பூக்கள், 90 வகை என்பார்கள். அங்கே தொங்கும் குதிரை விளக்கைப் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். குதிரைமேல் வீரன் இருக்கும் பித்தளை விளக்கு அது. எந்தப் பக்கம் திருப்பினாலும் சாயாமல் சமநிலையில் நிற்கும்படி அதன் சங்கிலியைச் செய்திருக்கிறார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்பதால் தரையின் அருமையைக் கால்தான் முதலில் சொல்லும். கறுப்புக் கண்ணாடிபோல் வழுவழுவென்று, கடும் வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்பு, கரித்த சிரட்டை, முட்டை வெள்ளைக்கரு இன்னும் என்னவெல்லாமோ சேர்த்து இழைத்த தரை. தாய்க்கொட்டாரம் என்னும் பழைய பகுதியின் ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலா மரத்தில் செதுக்கிய தூண் நிற்கிறது. அதன் கொடிவேலைப்பாட்டை நிதானமாகப் பார்க்காமல் நகராதீர்கள். அப்புறம் ஊட்டுப்புரை. இரண்டு தளத்திலும் சேர்த்து 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீளக் கூடம். மேற்கூரையின் தாழ்வையும் சன்னல் வெளிச்சத்தையும் வைத்தே அந்தக் காலத்துப் பந்தி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

நான் தக்கலையை முதலில் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. நேப்பியர் மியூசியத்தைக் கட்டிய ராபர்ட் சிசோம் சென்னை அரசின் கட்டடக் கலைஞர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் அவர் வேலைதான். 1880-ல் முடிந்த திருவனந்தபுரம் கட்டடத்துக்கு அவர் கேரள நாட்டு மரக்கூரை மரபைப் பார்த்துப் படித்துத்தான் உருவம் கொடுத்தார். பத்மநாபபுரத்தின் கூர்முகப்புகளையும் மரச்சட்டங்களையும் முதலில் பார்த்துவிட்டுப் போனால், நேப்பியரின் வண்ணக் கோபுரங்களுக்கு நடுவே எது இந்த மண்ணின் கை, எது சிசோம் சேர்த்தது என்று பளிச்சென்று பிடிபடும். இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கும் நாலுகெட்டு வீட்டின் (நடுமுற்றம் வைத்த கேரள வீடு) மர மாதிரியும் அப்போதுதான் பேசும். வரிசை மாறினால் அது வெறும் பொம்மை வீடு.

தக்கலைக்குப் போகிறவர்கள் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையை விட்டுவிட வேண்டாம். 1741-ல் குளச்சலில் தோற்றுச் சரணடைந்து, பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாகவே ஆன டச்சுப் படை அதிகாரி டி லனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருப்பதால் பிள்ளைகளுக்கும் அலுக்காது. மிருகக்காட்சி சாலை இல்லாத குறையை இது ஓரளவுக்கு ஈடுகட்டும்.

கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. கடல் பார்க்கப் போகும் வழியில் எட்டிப்பார்க்கலாம், அதற்காகவே கிளம்ப வேண்டியதில்லை.

நேரம் பற்றி: இரண்டு இடமும் திங்கள்கிழமை விடுமுறை. நேப்பியர் மியூசியம் புதன்கிழமை மதியத்துக்கு மேல்தான் திறக்கும். அரண்மனையில் 1 மணியிலிருந்து 2 மணி வரை சாப்பாட்டு இடைவேளை, அதனால் காலை 9 மணிக்கே போய்விடுவது நல்லது. வயதானவர்களைக் கூட்டிப்போனால் அரண்மனையின் செங்குத்தான மரப்படிகளை நினைவில் வையுங்கள். முட்டிவலிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் சௌகரியம், மரத்தடியில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். நவராத்திரியை ஒட்டி விடுமுறை கிடைத்தால் அரண்மனைதான். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறி, தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் காட்சியை வேறெங்கும் பார்க்க முடியாது. இரண்டு ஊரையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். எல்லையிலுள்ள களியக்காவிளை நெரிசலிலேயே பாதி மதியம் போய்விடும்.