டேப்லெட்டா, க்ரேயானா? மழலையர் வகுப்பில் எது எதற்கு

மழலையர் வகுப்புக்கு டேப்லெட் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், பிள்ளைகள் அதில் என்ன செய்யப் போகிறார்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். போடுகிற ஆப்பைப் பொறுத்து அதே டேப்லெட் வண்ணம் தீட்டும் புத்தகமாகவும் ஆகும், கேமராவாகவும் ஆகும், வெறும் வேடிக்கைப் பெட்டியாகவும் ஆகும். அதனால் மொத்தமாக நல்லது, கெட்டது என்று சொல்லாமல் வேலை வேலையாகப் பார்க்கிறேன்.

முதலில் வரைதல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, காகிதமும் க்ரேயானும்தான். நாலு வயதுப் பிள்ளை க்ரேயானை அழுத்தினால் கோடு தடிக்கும். இன்னும் அழுத்தினால் க்ரேயான் ஒடியும். எவ்வளவு அழுத்தலாம் என்று கை தானாகவே பழகிக்கொள்ளும். கண்ணாடியில் விரலால் இழுக்கும்போது மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் கோடு ஒரே மாதிரிதான் வரும். போதாததற்கு, சின்னப் பிள்ளைகள் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டுதான் வரைவார்கள். திரை அதையும் தொடுதலாக எடுத்துக்கொள்ளும். படம் திடீரென்று பெரிதாகும், இல்லை எங்கேயோ நகர்ந்துவிடும்.

டேப்லெட்டுக்குச் சாதகமான விஷயம், போட்ட கோட்டைத் திரும்ப எடுக்கும் பொத்தான். தப்பாகிவிடுமோ என்று காகிதத்தைத் தொடவே தயங்கும் பிள்ளைக்கு அது தைரியம் தரும். ஆனால் என் வகுப்பில் ஒரு சிறுமி அந்தப் பொத்தானையே விளையாட்டாக்கிவிட்டாள். ஒரு கோடு போடுவாள், எடுப்பாள், சிரிப்பாள். நேரம் முடிந்தபோது திரை வெள்ளையாக இருந்தது.

அடுத்தது ஆப்புக்கும் ஆப்புக்கும் உள்ள போட்டி. தொட்டால் கட்டம் நிறையும், சரியான எழுத்தைத் தட்டினால் கைதட்டல் கேட்கும், நட்சத்திரம் விழும். இந்த வகை ஆப்களைப் படைப்பாற்றல் கணக்கில் சேர்க்காதீர்கள். எழுத்துப் பயிற்சிக்கு உதவினால் உதவட்டும், ஆனால் பிள்ளை அங்கே எதையும் உண்டாக்குவதில்லை. மறுபக்கம் ஸ்க்ராட்ச் ஜூனியர் மாதிரி ஆப்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி. மீடியா லேபும் சேர்ந்து உருவாக்கி 2014-இல் வெளியிட்டது, இலவசம். திரையில் உள்ள படக் கட்டைகளை விரலால் இழுத்து ஒன்றோடொன்று கோத்தால், திரையில் இருக்கும் பூனை நடக்கும், குதிக்கும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அது 5 முதல் 7 வயதுக்கு என்று வடிவமைக்கப்பட்டது. மூன்று வயதுக்காரர்களிடம் கொடுத்தால் பூனையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

கட்டை அடுக்குவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 1840-இல் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஃப்ரோபெல் காலத்திலிருந்தே மரக்கட்டைகள் வகுப்பில் இருக்கின்றன. திரையில் சரியும் கோபுரத்துக்குக் கனமும் இல்லை, காலில் விழுந்தால் வலியும் இல்லை.

சரி, டேப்லெட் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் எது? கேமராவும் ஒலிப்பதிவும். க்ரேயானால் முடியாத வேலை இது. நாங்கள் களிமண்ணில் ஒரு யானை செய்து, டேப்லெட்டைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, யானையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம் எடுத்தோம். ஒருவன் நகர்த்துவான், ஒருத்தி பொத்தானை அழுத்துவாள், மூன்றாவது ஆள் “கை, கை!” என்று கத்துவான், யாருடைய கையாவது படத்துக்குள் வந்துவிடும். பாதியில் யானையின் பின்னங்கால் கழன்று விழுந்தது. யானைக்குக் கால் வலி, அதனால் உட்கார்ந்துவிட்டது என்று கதையையே மாற்றிவிட்டார்கள். நாற்பது சொச்சம் படங்கள். ஓட்டிப் பார்த்தால் பத்து நொடிகூட இல்லை. அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தார்கள் என்று நான் எண்ணவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன்தான் யானைக்குக் குரல் கொடுத்தான்.

இதில் டேப்லெட்டும் களிமண்ணும் போட்டியாளர்களே இல்லை. களிமண் இல்லாவிட்டால் கேமராவுக்கு அங்கே வேலையும் இல்லை.

தலைக்கு ஒன்றா, குழுவுக்கு ஒன்றா? நாலு பேருக்கு ஒன்று என்பது என் கட்சி. தலைக்கு ஒன்று கொடுத்த நாளில் வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதி எனக்குப் பிடிக்காது. நாலு பேருக்கு ஒன்று என்றால் சண்டை வரும், ஆனால் சண்டையோடு பேச்சும் வரும்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். 3, 4 வயதுக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. வீட்டில் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும். அதனால் வகுப்பில் பதினைந்து நிமிடம், அதுவும் தினமும் வேண்டாம் என்பது என் அளவு.

அப்புறம், கொடுக்கும் முன் இரண்டு வேலை. விளம்பரம் வரும் ஆப்களை எடுத்துவிடுங்கள். பிள்ளை ஒரே ஆப்புக்குள் நிற்கும்படி பூட்டும் வசதி ஐபேடிலும் இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் யானையைப் படமெடுக்கக் கொடுத்த டேப்லெட்டில் மூன்றாவது நிமிடம் கார்ட்டூன் ஓடும்.